கனகராயன் ஆற்றோடு நடந்து இரணைமடுவுக்கு: மூன்று நாள் போய் வரலாமா?

கச்சான்கடைச் சந்தி
ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். விசர்க் கேள்வி போலத் தெரியலாம், ஆனாலும் கேட்கிறேன்.

சுவிசில், பேர்ணில் இருக்கிற என் மச்சான் போன கிழமை சில படங்கள் அனுப்பினான். ஓர் ஆறு, பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணீர். அந்த ஆற்றோடேயே ஏறிப் போனால் கடைசியில் மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி. முதுகில் பை, கையில் தடி, அவ்வளவுதான். அன்றில் இருந்து எனக்கு ஒரே யோசனை. எங்களிடமும் ஆறு இருக்கிறது, அந்த ஆறு போய் விழுகிற பெரிய குளமும் இருக்கிறது. பிறகேன் நாங்கள் நடப்பதில்லை?

திட்டம் இதுதான். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வீதியால் போய்க் கனகராயன் ஆற்றில் இறங்குவது. அங்கிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்து இரணைமடுக் குளத்தின் அலைகரைக்கு, அதாவது ஆறு வந்து விழுகிற பக்கத்துக் கரைக்கு, வருவது. நேர்கோட்டில் பார்த்தால் பெரிய தூரம் இல்லை. ஆவணி மாத விடுமுறையில் நாலு பேர், மூன்று நாள், இரண்டு இரவு. ரென்ற் ஒன்று இரவல் வாங்கலாம்.

கேள்விகள்: பாதை இருக்கிறதா? இரவில் எங்கே படுப்பது? தண்ணீர் கிடைக்குமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


சுட்டபனங்காய்
ஞாயிறு, இரவு 9.20

அம்பகாமக் காட்டு யானைகள் வந்து ரென்ற் அடித்துத் தரும். கூலி வாழைப்பழம்.


ஆரேக்கரை
ஞாயிறு, இரவு 11.47

அந்தப் படங்களுக்குப் பொறுப்பான மச்சான் நான்தான். படத்தை மட்டும் பார்த்துவிட்டு இவன் காட்டுக்குள் இறங்கப் போகிறான் என்று தெரிந்திருந்தால் அனுப்பியே இருக்க மாட்டேன். படத்தில் வராததைச் சொல்கிறேன்.

நான் போன இடம் லவுட்டர்புறுன்னன் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் அடியில் ஸ்டெக்கல்பேர்க் என்ற ஊர்வரை பஸ் போகும். அது கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரம். அங்கே பஸ்ஸால் இறங்கி வெள்ளை லூட்சினன் என்ற ஆற்றோடு ஏறத் தொடங்கினேன். பெயரிலேயே வெள்ளை. மேலே பனியாறு நகரும்போது பாறையை அரைக்கிறது, அந்தக் கல்மா தண்ணீரோடு கலந்து வருவதால் அந்த நிறம். போத்தலில் பிடித்து வைத்தால் அடியில் மா படியும்.

முதலில் காடு, பிறகு மாடு மேய்கிற புல்வெளி. ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் ஓபர்ஸ்டைன்பேர்க் என்ற இடம், 1,778 மீற்றர். அங்கே ஒரு பழைய மலை விடுதி இருக்கிறது. மின்சாரம் இல்லை, இரவில் மெழுகுதிரி. அங்கேதான் படுத்தேன். மச்சான், கவனி: நான் ரென்ற் கொண்டு போகவே இல்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பின்பக்கம் இயற்கைக் காப்பிடம், விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. என் பைக்குள் இருந்தது ஒரு மழைச்சட்டை, ஒரு கம்பளிச்சட்டை, மாற்றுக் காலுறை இரண்டு சோடி, தண்ணீர் ஒன்றரை லீற்றர், அம்மா அனுப்பின புழுக்கொடியல் ஒரு பொதி. எல்லாமாக ஆறு கிலோ வராது.

அடுத்த நாள் காலையில் இன்னும் ஒரு மணித்தியாலம் ஏறினால் ஓபர்ஹோர்ன் ஏரி, 2,065 மீற்றர். உண்மையைச் சொன்னால் சின்ன ஏரி. எங்கள் ஊர்க் கேணியைக் கொஞ்சம் பெருப்பித்த மாதிரி. ஆனால் தண்ணீரின் நிறம், அதைச் சுற்றி நிற்கிற பனிமலைகள்... சரி, அதைப் படத்தில் பார்த்துவிட்டீர்கள். காலை வைத்தேன், எலும்புவரை குளிர் ஏறியது. ஆடி மாதத்தில்!

முக்கியமான விசயம் இனித்தான். வழி முழுக்க மஞ்சள் பலகை. அதில் தூரம் எழுதியிருக்க மாட்டார்கள், நேரம்தான் எழுதியிருப்பார்கள்: இந்த இடத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம், அந்த இடத்துக்கு இரண்டே கால் மணி என்று. மலைப்பாதை தொடங்கினால் கற்களில் வெள்ளை சிவப்பு வெள்ளை என்று மூன்று கோடு பூசியிருக்கும். அடுத்த கல்லைக் கண்ணால் தேடுவது, நடப்பது, அவ்வளவுதான். வழி தப்புவதற்கு மினக்கெட வேண்டும். இந்த நாட்டில் இப்படி அடையாளம் போட்ட நடைபாதை மட்டும் 65,000 கிலோமீற்றர். நான் நடந்தேன் என்று பெருமை பேசுவதை விட, அதைப் பூசினவர்கள் என்னை நடத்திக்கொண்டு போனார்கள் என்பதுதான் சரி.


கச்சான்கடைச் சந்தி
திங்கள், காலை 6.30

ரென்ற் இல்லையா? போட்டோவில் பின்னுக்கு ஒரு ரென்ற் தெரிந்ததே!


ஆரேக்கரை
திங்கள், காலை 10.05

அது மாட்டுக்கொட்டிலின் தகரக் கூரை.


அலைகரை
திங்கள், மாலை 5.40

தம்பி, ஆசை நல்லது. எனக்கும் அந்த ஆறுதான் ஊர். சின்ன வயதில் அப்புவோடு மாடு தேடி அந்தக் கரையெல்லாம் நடந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் மச்சான் ஆற்றோடு மேலே ஏறி ஏரிக்குப் போயிருக்கிறார். எங்கள் ஆறு மேலே இருந்து கீழே வந்து குளத்துக்குள் விழுகிறது. அதாவது நீ தண்ணீர் போகிற பக்கமாக நடக்கப் போகிறாய். அதில் பிழை இல்லை. ஆனால் ஆவணியில் தண்ணீர் எங்கே போகிறது? வைகாசிக்குப் பிறகு அந்த ஆறு மேலே ஓடாது, மணலுக்குக் கீழேதான் இருக்கும். மேலே வெறும் வெள்ளை மணல், அங்கங்கே மடு. இரணைமடு என்ற பெயரே அப்படி வந்ததுதான், இரட்டை மடு. குளம் கட்ட முதல் அங்கே இருந்த மடுக்களின் பெயர் குளத்துக்கு வந்தது.

கோடையில் மடுவில் தண்ணீர் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் உனக்கு மட்டும் இல்லை. யானை, கரடி, மரை, பன்றி, முதலை எல்லாம் அங்கேதான் வரும். காட்டுக்குள் வேறெங்கும் தண்ணீர் இல்லாத மாதத்தில் நீ மடுக்கரையில் கூடாரம் அடிக்கப் போகிறேன் என்கிறாய். அது ஆட்களின் குசினிக்குள் போய்ப் பாய் விரிக்கிற மாதிரி.

நாங்கள் மடுவில் குடிப்பதில்லை. மடுவில் இருந்து தள்ளி, ஆற்றின் உள்வளைவில், மருதமர நிழல் விழுகிற இடமாகப் பார்த்து மணலைக் கையால் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் ஈரம் வரும், இன்னும் கொஞ்சம் போனால் ஊறும். முதல் ஊறுகிற கலங்கல் தண்ணீரை இரண்டு மூன்று தரம் இறைத்து வெளியே ஊற்றிவிட்டு ஒரு சுருட்டுப் பத்துகிற நேரம் பேசாமல் இருந்தால் கண்ணாடி மாதிரித் தெளியும். பிறகு சிரட்டையால் அள்ளுவது. அப்புவின் காலத்தில் அப்படியே குடித்தோம். இப்போது கொதிக்க வைத்துக் குடி. மேலே வயல்களில் என்னென்ன அடிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், எலிக்காய்ச்சலும் இருக்கிறது.

படுக்கை பற்றி ஒன்று. மணல் மெத்தை மாதிரி இருக்கிறது என்று ஆற்றுக்குள் படுக்காதே. அதுதான் யானையின் றோட்டு.

அப்புறம், காட்டுக்குள் கால் வைக்க முதல் ஒரு குழை முறித்து மரத்தடியில் பிள்ளையாருக்கு என்று வைத்துவிட்டுப் போவோம். நம்புகிறாயோ இல்லையோ, அந்த ஒரு நிமிடம் நிற்கிறாய், காது கொடுக்கிறாய், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறாய். சோளகம் அடிக்கிற காலத்தில் அது பின்னாலிருந்து உன் மணத்தை முன்னுக்குக் கொண்டு போகும். யானைக்கு நீ வருவது தெரியும். அதுவும் ஒரு நன்மைதான். தெரியாமல் கிட்டப் போவதுதான் வில்லங்கம்.


வான்வழிப்பெடியன்
திங்கள், இரவு 8.15

அண்ணைமார் சும்மா வெருட்டுகிறீர்கள். கூகிள் மப்பில் செய்மதிப் படம் போட்டுப் பாருங்கள். ஆற்றோரமாக நல்ல அகலமான பாதை வெள்ளையாகத் தெரிகிறது. நான் ஒருக்கால் மோட்டார்சைக்கிளில் மூன்று நாலு கிலோமீற்றர் உள்ளே போய் வந்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து கிலோமீற்றருக்கு மூன்று நாள் எதற்கு? விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் குளத்தில் குளிக்கலாம்.


அலைகரை
திங்கள், இரவு 8.50

தம்பி, அந்த வெள்ளைப் பாதையைப் போட்டது யார் என்று நினைக்கிறாய்? மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறி. இரவில் லைற் போடாமல் வருவான், திரும்புகிற இடத்தில் பாதையும் முடியும். அதற்கு அங்கால் சூரைப்பற்றையும் ஈச்சம்பற்றையும்தான். யானைக்காவது விலத்தி நின்றால் போகும். கள்ள மணல் ஏற்றுகிறவன் உன்னைக் கண்டால் நீ யாரோ தகவல் சொல்ல வந்தவன் என்றுதான் நினைப்பான்.


சிவப்புத்தடி
செவ்வாய், காலை 5.55

வேலைக்குப் போக முதல் எழுதுகிறேன். நான் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்கிறவள். எத்தனை வருடம் என்று சொல்லவில்லை, சொன்னால் வயது தெரிந்துவிடும்.

வான்வழிப்பெடியன் தம்பி, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது எங்கள் வேலையில் ஒரு சான்று இல்லை. ஒருவர் நடந்த காலடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்ததை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

மாங்குளத்தைச் சுற்றிய காடுகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1997 மே தொடக்கம் 1999 தொடக்கம்வரை ஏ9 வீதியைப் பிடிப்பதற்கு நடந்த சண்டை வவுனியாவில் இருந்து மாங்குளம்வரை ஊர்ந்துகொண்டு வந்தது. அதற்குப் பிறகு 2008, 2009 இறுதி யுத்தம். மண் அணைகள், பதுங்குகுழிகள், அவற்றுக்கு முன்னால் புதைத்தவை. ஊர்மனையும் வயலும் வீதியும் முதலில் துப்புரவாக்கப்பட்டன. ஆட்கள் குடியேற வேண்டியிருந்தது, அதனால் அதுதான் முறை. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 இல்தான். ஒரு இடத்தை ‘முடிந்தது’ என்று கையளித்தால், எல்லை போட்டு அளந்த அந்தத் துண்டு முடிந்தது என்றுதான் கருத்து. பக்கத்துக் காடு முழுக்க முடிந்தது என்று இல்லை.

ஆறு என்று வந்தால் இன்னொரு விசயம். வெள்ளம் கரையை அரிக்கும். மிதிவெடியின் கோது பிளாஸ்ரிக், பாரம் இல்லை. மண்ணோடு அள்ளுப்பட்டு வேறிடத்தில் போய்ப் படியும். அதனால் ஆற்றுக்குள் போன வருடம் ஒன்றும் இல்லாத வளைவில் இந்த வருடம் இருக்காது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

ஆரேக்கரை அண்ணா எழுதினதை வாசித்துக்கொண்டு வரும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அங்கே கல்லில் வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் ‘இதால் வா’ என்று அர்த்தம். நாங்களும் தடிக்கும் கல்லுக்கும் அதே இரண்டு நிறம்தான் பூசுகிறோம். வெள்ளை துப்புரவான பக்கம், சிவப்பு ‘வராதே’. சுவிசில் நடந்து பழகின பிள்ளை ஒன்று லீவுக்கு வந்து இங்கே சிவப்புப் பூசின கல்லைக் கண்டால் என்ன நினைக்கும் என்று யோசித்தேன். வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதைத் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள்.

சாமான் ஏதாவது கிடந்தால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.


ஆரேக்கரை
செவ்வாய், காலை 9.30

அக்கா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மகளுக்கு எட்டு வயது. அவள் அந்தக் கோட்டைக் கண்டால் ஓடிப்போய்த் தொட்டுவிட்டுத்தான் நடப்பாள். பின்னேரம் அவளுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டுகிறேன்.


ஓய்வூதியக்காரன்
செவ்வாய், மாலை 4.10

அனுமதி பற்றிக் கேட்டீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. ஒதுக்குக் காட்டுக்குள் போவதற்கு வன இலாகாவின் அனுமதி வேண்டும். விறகு பொறுக்கி நெருப்பு மூட்டுவது தனிக் குற்றம், அதுவும் ஆவணியில் சருகு காய்ந்து கிடக்கிற நேரத்தில். ஆறு போய் முடிகிற சுண்டிக்குளம் பக்கத்தை 1938 இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2015 இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. ஆக ஒரே ஆற்றுக்கு மூன்று கந்தோர். கடிதம் கொண்டு போகும்போது மூன்று பிரதி அடித்துக்கொண்டு போங்கள்.


சுட்டபனங்காய்
செவ்வாய், மாலை 4.25

நாலாவது பிரதி யானைக்கு.


நிலவரை
செவ்வாய், இரவு 7.45

புவியியல் படிப்பிக்கிற பழக்கத்தில் எழுதுகிறேன், வகுப்பு மாதிரி இருந்தால் மன்னியுங்கள்.

மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே சொல்லை, ஆறு என்ற சொல்லை, இரண்டு வேறு சாமானுக்குப் பாவிக்கிறீர்கள். லூட்சினன் கோடையில்தான் பெருகும். குளிர்காலத்து மழை பனியாக மலையில் தங்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் வெயில் ஏற ஏற அது உருகி இறங்குகிறது. அதே பள்ளத்தாக்கில் மலைக்குள்ளேயே விழுகிற அருவி ஒன்று இருக்கிறது, திறும்மெல்பாக். உருகுகிற காலத்தில் விநாடிக்கு 20,000 லீற்றர்வரை கொண்டுவரும். வெயில் எரிக்கிற மாதத்தில்தான் அவர்களுக்கு வெள்ளம்.

எங்களுக்கு மலையும் இல்லை, பனியும் இல்லை. வவுனியாவே கடல்மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 100 மீற்றர்தான். கனகராயன் ஆறு 86 கிலோமீற்றர் ஓடி அந்தச் சின்ன உயரத்தைத்தான் இறங்குகிறது. ஆரேக்கரை ஒரு இரவு தங்கி 1,100 மீற்றருக்கு மேல் ஏறியிருக்கிறார், கணக்குப் பாருங்கள். ஐப்பசியில் இருந்து தை வரை கொட்டுகிற மழையை நாங்கள் எதில் தேக்குவது? அதுதான் குளம். 1902 இல் தொடங்கிக் கட்டி 1920 அளவில் முடித்தார்கள். பிறகு திருத்தித் திருத்தி உயர்த்தி இப்போது 36 அடி. அங்கே பனிமலை செய்கிற வேலையை இங்கே ஒரு மண்கட்டு செய்கிறது.

அதனால் ஆவணியில் தண்ணீரோடு நடக்க வேண்டும் என்றால் குளத்துக்கு மேலே ஏன் தேடுகிறீர்கள்? தண்ணீர் குளத்துக்குக் கீழே இருக்கிறது. சிறுபோக நெல்லுக்குத் துருசு (மதகு) திறந்து வாய்க்காலில் விட்டிருப்பார்கள். குளக்கட்டில் தொடங்கி வலதுகரை வாய்க்காலோடு வட்டக்கச்சி, பிறகு பழைய ஆற்றோரமாகக் கண்டாவளைப் பக்கம் நடவுங்கள். கிணறு இருக்கிறது, கடை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வெயிலில் பாரம் தூக்கி நடக்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றராவது வேண்டும். மூன்று நாளைக்கு பதினைந்து லீற்றர், அதாவது பதினைந்து கிலோ. அதற்கு மேல் அரிசி, சட்டி, ரென்ற். சுவிஸ் மச்சான் ஆறு கிலோவோடு ஏறினார், ஏனென்றால் தண்ணீரும் படுக்கையும் அவருக்கு வழியிலேயே இருந்தன.


வான்வழிப்பெடியன்
செவ்வாய், இரவு 8.02

வாய்க்காலோடு நடப்பது ஒரு பயணமா ரீச்சர்? அது என் அம்மம்மா தினமும் மாடு கொண்டு போகிற வழி.


நிலவரை
செவ்வாய், இரவு 8.09

லூட்சினன் பாதையும் யாரோ ஒருவருடைய அம்மம்மா மாடு கொண்டு போன வழிதான். மேலே உள்ள புல்வெளிக்கு மாடு ஏற்றத்தான் அந்தப் பாதையே வந்தது.


பாலைப்பழம்
செவ்வாய், இரவு 9.30

நாங்கள் மூன்று பெண்கள், கிளிநொச்சியில் வேலை செய்கிறோம். கீழ்வழி என்றால் நாங்களும் வரலாமா? காட்டு வழி என்றால் வீட்டில் விடமாட்டார்கள் என்பதில்லை, நாங்களே வரமாட்டோம். சாப்பாட்டுக்கு எள்ளுப்பாகும் பனாட்டும் கொண்டு வருவோம். சோறு காய்ச்சுகிற பொறுப்பை எங்கள் தலையில் கட்டக்கூடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.


கச்சான்கடைச் சந்தி
செவ்வாய், இரவு 10.15

சரி. தோற்றுவிட்டேன். காட்டு வழியை விட்டுவிட்டோம். சிவப்புத்தடி அக்கா எழுதினதை வீட்டில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். அப்பாவின் தம்பி ஒருவர் மாங்குளத்துக்கு அங்கால் விறகுக்குப் போய்க் காலை இழந்தவர். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

பாலைப்பழம் சகோதரிகளே, வாருங்கள். சோறு நாங்களே காய்ச்சுவோம்.


(இருபது நாளுக்குப் பிறகு)

கச்சான்கடைச் சந்தி
திங்கள், இரவு 8.40

போய் வந்துவிட்டோம். ஏழு பேர், இரண்டு நாள், இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். எழுதச் சொல்லி நச்சரித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் நின்றோம். முதல் நாளே கந்தோருக்குப் போய்ச் சொல்லி வைத்திருந்தோம். கடிதம் கேட்டார்கள், கொடுத்தோம், வாங்கி வைத்தவர் ‘நடக்கவா? எதற்கு?’ என்று இரண்டு தரம் கேட்டார். குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கட்டில் இருந்து தெற்கே பார்த்தால் அலைகரை முழுக்கப் பச்சைப் புல், அதற்குப் பின்னால் காடு, காட்டுக்கு மேலே தென்மேற்கில் கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒரு ஊசி மாதிரி. 174 மீற்றர் உயரம் என்பதால் எங்கே நின்றாலும் அதுதான் வழிகாட்டி. தண்ணீருக்கு அங்கால் புல்லில் கறுப்பாக ஐந்து புள்ளிகள் அசைந்தன. எருமை என்றான் ஒருவன். ஒரு புள்ளி காது விசுக்கியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. அந்தப் பக்கத்தால்தான் நாங்கள் இறங்கி வருவதாக இருந்தோம்.

கட்டு முடிகிறவரை கூழைக்கடாக்கள் எங்களோடு தண்ணீரில் சமாந்தரமாக வந்தன. அது ஒன்றுக்காகவே திரும்பப் போகலாம்.

வலதுகரை வாய்க்கால் நினைத்ததை விட நல்ல நடை. இரண்டு பக்கமும் நிழல். தண்ணீர் எங்கள் வேகத்திலேயே ஓடிக்கொண்டு வந்தது. பத்தரைக்குப் பிறகு வெயில் தாங்கவில்லை. ஒரு மருதமரத்தடியில் பின்னேரம் மூன்று மணிவரை படுத்துவிட்டோம். ஆரேக்கரை, உன் மஞ்சள் பலகையில் எழுதுகிற மாதிரி நேரக் கணக்குப் போட்டால் எங்கள் பலகையில் ‘வட்டக்கச்சி: நித்திரை உட்பட ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல்’ என்று எழுத வேண்டும்.

எனக்குப் புதுச் சப்பாத்து. முதல் நாளே இரண்டு குதியிலும் கொப்புளம். செருப்போடு வந்த பாலைப்பழம் கோஷ்டிக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை, ஒரு நாற்பது தரம்தான் சொன்னார்கள்.

இரவு வட்டக்கச்சியில் மாமா வீட்டு விறாந்தை. ரென்றை முற்றத்தில் அடித்தோம், இரவல் வாங்கியதற்காக. நாய் அதற்குள் போய்ப் படுத்தது. மாமி குளத்து விரால் குழம்பு வைத்தா. சோறு நாங்கள்தான் காய்ச்சினோம், அடிப்பிடித்தது.

இரண்டாம் நாள் வாய்க்காலை விட்டு ஆற்றோரமாகப் போனோம். அந்த வயல்காரர் ஒரு வயதான ஐயா, எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றுக்குள் இறக்கினார். தான் தினமும் நடக்கிற இடம், மாடு கட்டுகிற இடம் என்று காட்டி, ‘இதுக்கு அங்கால் போகாதேங்கோ’ என்று தடியால் மணலில் ஒரு கோடு கீறினார். அந்தக் கோட்டுக்கு இங்கால் இருந்து தோண்டினேன். அலைகரை ஐயா சொன்ன மாதிரியே முழங்கை ஆழத்தில் ஈரம், பிறகு ஊற்று. மூன்று தரம் இறைத்தேன். எங்களிடம் சுருட்டு இல்லை, அதனால் ஆளுக்கு ஒரு துண்டு பனாட்டு சாப்பிட்டு முடிகிற நேரம் பார்த்துக்கொண்டு இருந்தோம். தெளிந்தது. கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போட்டோம். ஏழு பேருக்கும் ஆளுக்கு அரைக் கோப்பைதான் வந்தது.

கண்டாவளையில் பஸ் ஏறினோம். அதற்கு அங்கால் ஆறு சுண்டிக்குளத்துக் கடல்நீரேரிக்குப் போகும். நாங்கள் போகவில்லை.


அலைகரை
திங்கள், இரவு 9.20

சிரட்டையால் அள்ளினாயா?


கச்சான்கடைச் சந்தி
திங்கள், இரவு 9.22

ரின்மீன் பேணியால் ஐயா.


அலைகரை
திங்கள், இரவு 9.31

பரவாயில்லை.


வான்வழிப்பெடியன்
திங்கள், இரவு 9.50

அடுத்த தரம் என்னையும் கூப்பிடுங்கள். மோட்டார்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.


ஆரேக்கரை
திங்கள், இரவு 11.58

மச்சான், மார்கழியில் குடும்பத்தோடு வருகிறேன். மகளுக்கும் அந்த வாய்க்கால் வழியைக் காட்ட வேண்டும். நடக்கலாம்தானே?


கச்சான்கடைச் சந்தி
செவ்வாய், காலை 6.05

மார்கழியில் வா, ஆனால் நடக்கிற எண்ணத்தோடு வராதே. 2018 மார்கழியில் குளத்தின் வான்கதவுகளை (மிஞ்சின தண்ணீரை வெளியே விடுகிற கதவுகள்) திறந்த இரவு மாமாவின் விறாந்தையில் தண்ணீர் நின்றது. நாங்கள் படுத்த அதே விறாந்தை. வான் பாய்கிற சத்தம் தூரத்திலேயே கேட்கும். மகளைக் கூட்டிக்கொண்டு வா, பாதுகாப்பான இடத்தில் நின்று காட்டலாம். நடக்கிறதை மாசியில் பார்ப்போம்.

வரும்போது காலுறை இரண்டு சோடி கொண்டு வா. என் அளவு உனக்குத் தெரியும்.


சுட்டபனங்காய்
செவ்வாய், காலை 6.40

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வாருங்கள் ஆரேக்கரை. கச்சான் வாங்கும்போது நூறு கிராம் கூட வாங்குங்கள். நானும் வருகிறேன்.